நான்கு மணி ஆட்டோவும் அறுபது அப்பளமும்

இந்தக் கதையில் ஒரு முடிச்சு வரும். அதை அவிழ்க்க வேண்டிய நூல்முனைகளை வழியிலேயே போட்டுக்கொண்டு போகிறேன். சொல்லவே இல்லையே என்று பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

அங்கயற்கண்ணிக்கு மதுரையில் ஒரு மனநல மையத்தில் கேஸ் மேனேஜர் வேலை கிடைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மேனேஜர் என்றதும் சுழல் நாற்காலியை நினைத்துவிடாதீர்கள். ஒரு தோள்பை, ஒரு பஸ் பாஸ், பதினெட்டுப் பேர் பெயர் எழுதிய ஒரு நோட்டு, அவ்வளவுதான். டாக்டர் மாத்திரை எழுதுவார். அது வயிற்றுக்குள் போகிறதா, அந்த மனுஷர் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது இவள் பாடு.

பதினெட்டில் ஒருத்தி தனபாக்கியம். நாற்பத்தாறு வயது, தனிக்கட்டை, அப்பளம் போடுவது தொழில். நோய் ஏறினால் காதுக்குள் யாரோ திட்டிக்கொண்டே இருப்பார்கள். நோய் இறங்கிவிட்டால் அந்தச் சந்தில் அவளைப் போல் வட்டமாக அப்பளம் தேய்க்க ஆள் கிடையாது. அங்கயற்கண்ணிக்கும் கற்றுக்கொடுத்துப் பார்த்தாள். "என்ன தாயி, அப்பளம் போடச் சொன்னா ஆஸ்திரேலியா மேப்பப் போட்டு வச்சிருக்க" என்று கேலி செய்வாள்.

அதே அப்பளத் தொழில் செய்யும் எதிர்வீட்டுப் பஞ்சவர்ணத்தோடு தனபாக்கியத்துக்குக் குழாயடிச் சண்டை, நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. ஆனாலும் அந்த வீட்டு வாசலில் காயும் அப்பளம் வெயிலில் கொஞ்சம் கூடுதலாகக் கிடந்தால் போதும், பேச்சைப் பாதியில் விட்டு ஜன்னலுக்கு ஓடுவாள். யார் பேரையும் சொல்லாமல் "முறுகுது, முறுகுது" என்று தெருவைப் பார்த்துக் கத்துவாள். நேரத்துக்கு அள்ளாத அப்பளம் ஓரம் சுருண்டு வெடித்துப்போகும். யார் வீட்டு அப்பளமானாலும் அவளுக்கு அது பொறுக்காது.

மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோய் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்று, நன்றாக இருக்கும் நாளிலேயே அவரவரைச் சொல்லச் சொல்லித் தாளில் எழுதிக்கொள்வார்கள். முன்பு ஒருமுறை அண்ணன் சோணைமுத்து தங்கையைக் கயிற்றால் கட்டி ஆட்டோவில் ஏற்றியதில் மணிக்கட்டு பிசகி, நான்கு மாதம் அவளால் அப்பளம் தேய்க்கும் குழவியைத் தொட முடியவில்லை. அதனால் தனபாக்கியம் இப்படிச் சொன்னாள்: "நோவு ஏறுனா எல்லாரையும் வெரட்டுவேன். நீ மட்டும் விட்டுட்டுப் போயிராத. எங்கண்ணன் கட்டித் தூக்க விட்டுராத. நானா நடந்து வருவேன்." அங்கயற்கண்ணி வாக்குக் கொடுத்தாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அதோடு அங்கயற்கண்ணி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பிறகு ஒருநாள் தனபாக்கியம் தேய்த்த அப்பளம் ஒன்று கோணலாக இருந்தது. "அக்கா, இப்ப ஒங்களுதும் மேப்பாயிருச்சே" என்று சிரித்தாள் இவள். தனபாக்கியம் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று இவள் கேட்கவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை கதவு திறக்கவில்லை. தனபாக்கியம் இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அங்கயற்கண்ணி ஜன்னலோரம் நின்று கெஞ்சினாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என் வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது. என்னயக் கூப்பிடக் கூடாது, ஆள் விட்டும் கூப்பிடக் கூடாது. சத்தியம் பண்ணு. பண்ணுனாத்தான் தண்ணி குடிப்பேன்."

அங்கயற்கண்ணி சத்தியம் செய்தாள். உள்ளே டம்ளர் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மையத்து மேற்பார்வையாளர் சகாயராஜிடம் போனில் சொன்னாள். வேண்டாம் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டால் அதை எழுதிவைத்துவிட்டுத் திரும்பிவிடு, வரிசையில் இன்னும் பதினோரு பேர் காத்திருக்கிறார்கள் என்றார் அவர். சோணைமுத்து கண் வீங்கி வந்து நின்றார். தங்கச்சி சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, நாலு மணிக்கு ஆட்டோ வருகிறது, கயிறும் வருகிறது என்றார். அங்கயற்கண்ணிக்கு அழுகை முட்டியது. போய்விட்டால் முதல் வாக்கு போயிற்று. வாசலேறினாலோ கூப்பிட்டாலோ இரண்டாவது போயிற்று. நாலு மணியானால் தனபாக்கியத்தின் கையே போயிற்று.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குள் போனாள். அன்று அவள் இரண்டு வாக்கையும் மீறவில்லை, கயிற்றுக்கும் வேலை வரவில்லை. அப்படியானால் அவள் என்ன செய்திருப்பாள், சொல்லுங்கள்?

விடை: அவள் பஞ்சவர்ணத்திடம் மாவு வாங்கி, தன் கையாலேயே அறுபது அப்பளம் தேய்த்து, உச்சி வெயிலில் எதிர்வாசலில் பரப்பினாள். பிறகு அள்ளாமல் சும்மா உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. ஓரங்கள் சுருள ஆரம்பித்தன. முதலில் ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது. பிறகு கதவே திறந்தது. "கூறுகெட்டவளே, அள்ளு, முறுகுது" என்று தனபாக்கியம் தானாகத் தெருவைத் தாண்டி வந்து, நாலு வருஷச் சண்டையையும் மறந்து பஞ்சவர்ணத்தின் வாசலில் உட்கார்ந்து அள்ளினாள். அங்கயற்கண்ணி தேய்த்த கோணல் அப்பளம் ஒன்றை எடுத்துக் காட்டினாள். மாத்திரை போட்டால் கை நடுங்கி என் அப்பளமும் இப்படிக் கோணிப்போகிறது, நீகூடச் சிரித்தாயே, அதனால்தான் நிறுத்தினேன் என்றாள். அங்கயற்கண்ணி மன்னிப்புக் கேட்டாள். நடுக்கம் குறைய மாத்திரையை மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் கூடவே வந்து கேட்பதாகச் சொன்னாள். நாலு மணிக்கு வந்த ஆட்டோவில் தனபாக்கியம் தானே ஏறி உட்கார்ந்தாள். கயிற்றைத் தூக்கி அண்ணன் மடியில் போட்டாள்.

இரண்டு மாதத்தில் அப்பளம் பழையபடி வட்டமானது. மையத்துக்கு வந்த தனபாக்கியம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அடியில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தாள்: "அறுபது அப்பளத்தப் பாழாக்காத. ஆறு போதும், வந்துருவேன்."