ஹெல்மெட்டும் ஜடாமுடியும்

கீழே ஒரு ரிசார்ட்டை இழுத்து மூடினார்கள். விருந்தாளிகள் மண்மேட்டில் ஏறி இறங்கி விளையாடிய நாலு சக்கர பைக் ஒன்றை மலைமேல் இருந்த மடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியுமா? மடம் வாங்கிக்கொண்டது.

துறவிக்கு எதற்கு இந்த வண்டி என்று கேட்பவர்கள், ஒரு நாள் சோற்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு உச்சியில் இருக்கும் மேல்பாடி கிராமத்துக்கு ஏறிப் பார்க்கட்டும். அங்கே நடக்கமாட்டாத கிழங்களுக்கு மடத்திலிருந்துதான் மதியச் சோறு போகிறது. பாதை என்று ஒன்று கிடையாது. பாறையும் ஓடையும்தான்.

வண்டியோடு ஒரு ஹெல்மெட்டும் வந்தது. வந்த நாளிலிருந்து அது ஆணியில் தொங்கியது.

வண்டியை முதலில் ஓட்டியவர் தணிகாசலம் என்ற சீடர். போன மழையில் ஓடை வளைவில் கவிழ்ந்தார். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, தலைதான் பாறையில் மோதியது. அன்று முதல் பின்கட்டு அறையில் படுத்திருக்கிறார். தன் பெயரே அவருக்குத் தெரியாது. மடத்தை நடத்தும் உமையாள் அம்மைதான் வேளாவேளைக்குக் கஞ்சி ஊட்டுகிறார். ஊட்டியதில் பாதி கழுத்தில் வழிந்துவிடும்.

இப்போது ஓட்டுகிறவர் குழந்தைவேலு. அம்மையைவிட வயதில் மூத்த சீடர். மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபின் காவி கட்டியவர். நேற்று அதே ஓடை வளைவில் அவரும் வண்டியோடு சாய்ந்தார். விழுந்த இடம் சேறாக இருந்ததால் தப்பித்தார்.

இன்று அண்டாவைக் கட்டி, வண்டியைக் கிளப்பும்போது அம்மை குறுக்கே வந்து நின்றார். கையில் ஹெல்மெட்.

"போட்டுக்கிட்டுப் போங்க, சாமி."

"வேண்டாம்மா. எத்தனை தடவை சொல்றது?"

"நானும் எத்தனை தடவைதான் கேக்கறது?"

குரலில் கோபம் இல்லை. தணிகாசலத்தைப் புரட்டிப் படுக்கவைத்ததிலேயே அம்மையின் தூக்கம் போயிருந்தது. கோபப்படக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்மா நான். ஒரு கோழி அடிபட்டதில்ல."

"பஸ்ஸுக்குக் கூரை இருந்துச்சு."

குழந்தைவேலு வண்டியை அணைத்தார்.

"இந்த உடம்பு வாடகை வீடுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"சொன்னேன்."

"காலி பண்ணச் சொன்னா பண்ணிட்டுப் போறேன். போறது என் உசிரு. அதை எப்பவோ துறந்தாச்சு. அதுக்குப்போய் மண்டையில சட்டியைக் கவுத்துக்கணுமா?"

"தணிகாசலமும் இதையேதான் சொன்னாரு."

"அவர் கதை வேறம்மா."

"வேற இல்ல. அவரு இன்னும் வீட்டைக் காலி பண்ணல. கூரைதான் இடிஞ்சு விழுந்துச்சு. மனுஷன் உள்ளயே கிடக்காரு."

குழந்தைவேலு பின்கட்டுப் பக்கம் பார்க்கவில்லை. அம்மை ஹெல்மெட்டை நீட்டியபடியே நின்றார்.

"இன்னொருத்தருக்குக் கஞ்சி ஊட்ட எனக்குத் தெம்பு இல்ல, சாமி. ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன்."

அவர் வாங்கித் தலையில் வைத்தார். உச்சியில் சுருட்டிக் கட்டியிருந்த ஜடாமுடி இடித்தது. ஹெல்மெட் கலசத்தின் மேல் வைத்த தேங்காய் மாதிரி மேலேயே உட்கார்ந்துகொண்டது. அழுத்திப் பார்த்தார். இறங்கவில்லை.

"பாத்தீங்களா? நுழைய மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?"

அப்படிச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அம்மை அதைப் பார்த்துவிட்டார். இத்தனை நாள் வேதாந்தம் எதற்காகப் பேசப்பட்டது என்பதும் அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

உள்ளே போனார். வரும்போது கத்தரிக்கோல் கொண்டுவந்தார். மாதாமாதம் தன் தலையை மழித்துக்கொள்கிறவர் அவர். மடத்தில் கத்தரிக்கோலுக்கும் கத்திக்கும் பஞ்சமில்லை.

"அந்தக் கல்லுமேல உக்காருங்க."

குழந்தைவேலு இரண்டு கையாலும் ஜடையைப் பொத்திக்கொண்டார். ஹெல்மெட் கீழே விழுந்து உருண்டது.

"அம்மா! இதைத் தொடாதீங்க!"

"ஏன்?"

"என்னம்மா ஏன்னு கேக்கறீங்க? எண்ணெய் காட்டாம, சீப்பு காட்டாம காப்பாத்தி வச்சிருக்கேன். மேல்பாடியில இதைப் பாத்துத்தான் சாமின்னு கும்புடுறாங்க. இது போச்சுன்னா நான் பழைய டிரைவர்தான்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. ஆனாலும் கை ஜடையை விடவில்லை.

பின்கட்டில் தணிகாசலம் முனகினார். பசி நேரம். அம்மை திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து ஹெல்மெட்டை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தார்.

"பன்னெண்டு வருஷம் இருக்குமாம்மா இந்த முடி வளர?" என்று குழந்தைவேலுவே மெதுவாகச் சொன்னார், தனக்குத் தானே வக்கீல் வைப்பதுபோல. "அதுக்கு மேலயே இருக்கும். ஒரே நிமிஷத்துல வெட்டிப் போடுன்னா எப்படிம்மா?"

அம்மை கத்தரிக்கோலையும் ஹெல்மெட்டையும் கல்லின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கஞ்சி எடுக்கப் போகத் திரும்பியவர், நின்றார்.

"முடிக்குப் பன்னெண்டு வருஷம்னு கணக்கு வச்சிருக்கீங்க. தலைக்கு எத்தனை வருஷம் ஆச்சு, சாமி?"

அம்மை கஞ்சி ஊட்டிவிட்டு வந்து பார்த்தபோது, குழந்தைவேலு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். அம்மையிடம் கத்தரிக்கோலை நீட்டிவிட்டுத் தலையைத் தாழ்த்திக் கொடுத்தார்.