இருபத்தோரு நெற்றிகள்

“சுத்தம் பண்றது தப்பாம்மா?” என்று கேட்டார் கோமதிநாயகம்.

கேட்டவருக்கு அறுபத்தாறு வயது. முப்பது வருடம் கணக்கு வாத்தியார். நோட்டில் ஒரு துளி மை சிந்தினாலும் அரை மார்க் குறைத்த புண்ணியவான்.

பதில் சொல்ல வேண்டிய அமலோற்பவத்துக்கு முப்பத்திரண்டு. ஊர்க்காரர்கள் கொண்டுவரும் பழைய போட்டோக்களை நூலக மாடியில் கம்ப்யூட்டரில் ஏற்றும் இவரைப் போன்ற தன்னார்வலர்களுக்கு அவள்தான் குரு. அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் சட்டென்று புரியாது.

“என்ன சார் நடந்தது?”

“கீழே செண்பகவல்லின்னு ஒரு அம்மா வந்திருக்காங்க. பொட்டு வெச்ச படம் எங்கன்னு கேக்கறாங்க.”

இறந்தவர் படத்துக்குக் கண்ணாடியின் மேல் குங்குமப் பொட்டு வைப்பார்கள். நூலகத்துக்கு வந்த பிரேம்களில் பாதி அப்படித்தான் வந்தன. கோமதிநாயகம் ஈரத்துணியோடு உட்கார்ந்து அத்தனையையும் துடைத்துவிட்டார். யாரும் சொல்லவில்லை, அவராகத்தான் செய்தார்.

“எந்தப் படம்?”

“பஸ் கம்பெனி குரூப் போட்டோ. காக்கிச் சட்டையில இருபத்தோரு பேர். அதுல ஒருத்தர் இவங்க அப்பா.”

“யாருன்னு அவங்களுக்குத் தெரியாதா?”

“பொறக்கறதுக்கு முன்னாலேயே அவர் போயிட்டாராம். இவங்கம்மா ரெண்டாந்தாரம். மூத்தவங்க வீட்டு வாசப்படியை மிதிக்க விடலை. சின்ன வயசுல தெருவுல நின்னு ஜன்னல் வழியா பார்த்திருக்காங்க. சிவப்பா ஒரு பொட்டு, அவ்வளவுதான் தெரிஞ்சிருக்கு. மூஞ்சி தெரியலை. இப்ப வீட்டை இடிச்சதும் படம் இங்க வந்திருக்குன்னு கேள்விப்பட்டு ஓடி வந்திருக்காங்க.”

“அந்த வீட்டுப் பேரன்களைக் கேட்டீங்களா?”

“கேட்டேன். ஆளுக்கு ஒருத்தரைக் காட்டுறாங்க. எனக்குத் தலை சுத்துது.”

“கம்ப்யூட்டர்ல?”

“இருபத்தோரு நெத்தியும் பளிச்சுன்னு இருக்கு. மிச்சம் மீதி இருந்த கறையையும் நான்தான் அழிச்சு வெச்சிருக்கேனே! எந்த நெத்தியில எது இருந்ததுன்னு யாருக்கு ஞாபகம்?” தலையில் அடித்துக்கொண்டார். “பாராட்டுவாங்கன்னு நினைச்சேம்மா. அழுதுட்டாங்க.”

அமலோற்பவம் எழுந்தாள். பிரேமிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்திருந்த அசல் போட்டோவை எடுத்தாள். அதன்மேல் கொஞ்சம் பஞ்சையும் ஒரு பூதக்கண்ணாடியையும் வைத்து அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்க சரியா துடைக்கலை சார். அவங்க முன்னால வெச்சு இன்னொரு தடவை துடைங்க.”

“இன்னுமா? என்ன, விளையாடுறியா?” கோபத்தில் மரியாதை பறந்துவிட்டது.

“அழுக்கு எங்க இருந்தாலும் உங்க கண்ணுக்குத் தப்பாதே சார்.”

மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார்.

செண்பகவல்லி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. போட்டோவை மேஜையில் விரித்துவிட்டு அதையே பார்த்தார்.

“இன்னும் என்ன சார் பண்ணப் போறீங்க?”

“துடைக்கச் சொன்னாங்கம்மா.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பூதக்கண்ணாடி கைக்கு வந்ததும் வாத்தியார் புத்தி விழித்துக்கொண்டது. முதல் வரிசையை முடித்தார். இரண்டாவது வரிசையையும் முடித்தார். ஜன்னல் வெயிலில் கிடந்து படம் முழுக்க டீத்தண்ணி நிறத்துக்கு வெளுத்திருந்தது.

மூன்றாம் வரிசையில், ஓரத்தில் நின்றவர் நெற்றியில் மட்டும் மிளகளவு ஒரு கறுப்பு வட்டம். பஞ்சால் ஒற்றினார், போகவில்லை. அழுந்தத் தேய்த்தும் போகவில்லை. அது அழுக்கு இல்லை. அந்த இடத்தில் மட்டும் இத்தனை வருடமாக வெயில் விழவே இல்லை.

“இதோ, இங்க ஒண்ணு இருக்கு,” என்று பழக்கதோஷத்தில் விரலை அதன்மேல் வைத்தார்.

வைத்த விரல் அப்படியே நின்றது.

செண்பகவல்லி எழுந்து வந்து குனிந்தாள். விரலுக்குக் கீழே இருந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“எடுத்துடாதீங்க சார்,” என்றாள்.