ஏழாம் கட்டில் முக்காலி

ஏறி உட்கார்ந்தால் ஆளைக் குட்டையாக்கும். எட்டாததையும் எட்ட வைக்கும். அது என்ன? முக்காலிதான். இது ஒரு மருத்துவமனையில் ஏழாம் கட்டில் அருகே இருந்த முக்காலியின் கதை.

அந்தக் கட்டிலில் ஜெசிந்தா என்ற பதினொரு வயதுச் சிறுமி இருந்தாள். வளைந்த காலை நிமிர்த்த அவளுக்கு ஐந்து முறை அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. இப்போது இரும்புப் பட்டை வைத்த ஷூ போட்டால் நடப்பாள். ஆறாவதும் செய்துவிடலாம் என்றார் ஒரு மருத்துவர். இன்னும் எவ்வளவு வலியைத்தான் தாங்குவாள் என்றார் இன்னொருவர். வழி காண, அறநெறிக் குழுவிலிருந்து டாக்டர் ராஹிலா வரவிருந்தார்.

மேசைமேல் அந்தக் குழுவின் விதிப்புத்தகமும் ஜெசிந்தாவின் கேஸ் ஷீட்டும் காத்திருந்தன.

"குழந்தையின் விருப்பத்தைக் கேட்டார்களா?" என்றது விதிப்புத்தகம்.

"மூன்று முறை. மூன்று முறையும் 'சரி' என்றாள். தேதியோடு இருக்கிறது" என்றது கேஸ் ஷீட்.

"அப்புறமென்ன, முடிந்தது."

"கேட்டவர்களில் யாராவது உட்கார்ந்தார்களா?" என்றது முக்காலி.

"தட்டு சுமக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு?" விதிப்புத்தகம் சிரித்தது. முக்காலிமேல் எப்போதும் ஊசித் தட்டுதான் இருக்கும்.

"எட்டுப் பேர் சுற்றி நின்று கேட்டார்கள். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் ஒவ்வொரு முறையும் சரி என்றாள். நான் பக்கத்திலேயே இருந்தேன்."

கேஸ் ஷீட் தன்னைப் புரட்டிப் பார்த்தது. "இதை யாரும் எழுதவில்லையே."

ராஹிலா வந்தார். தட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் வேறு எதையெதையோ பேசினார்; அவள் காலைப் பற்றிப் பேசவே இல்லை. பிறகு கேட்டார்.

"வேண்டாம்னு சொன்னா என்ன ஆகும்னு நினைக்கிறே?"

"அப்பா அழுவாங்க."

வாசலில் நின்ற அவள் அப்பா சூசை உள்ளே வந்தார். "நான் எதுக்கு மக்ளே அழப்போறேன்? உனக்கு எது வேணுமோ அதைச் சொல்லு." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

"பாத்தீங்களா" என்றாள் ஜெசிந்தா. மூவருக்கும் சிரிப்பு வந்தது.

"முக்காலி அண்ணே, நன்றி" என்றது விதிப்புத்தகம். "கேட்க வேண்டும் என்று என்னிடம் இருக்கிறது. உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று இல்லை."

"நன்றியை உட்கார்ந்தவருக்குச் சொல்லுங்கள்" என்றது முக்காலி.

ராஹிலா பேனாவை எடுத்தார். கேஸ் ஷீட் வெற்றுப் பக்கம் ஒன்றை விரித்துக் கொடுத்தது.

ஆறாவது அறுவைச் சிகிச்சை வேண்டாம், ஷூ போட்டே நடந்துகொள்கிறேன் என்றாள் ஜெசிந்தா.