மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி

பாளையங்கோட்டையில் சிறு பிள்ளைகளைப் போட்டிகளுக்குத் தயார்படுத்தும் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடம் ஒன்று உண்டு. பயிற்சி நேரத்தில் பெற்றோர் எட்டிப் பார்க்கக் கூடாதென்று கோச் கதவைச் சாத்திவிடுவார். ஆகவே உள்ளே பிள்ளைகள் என்ன சாதித்தார்கள் என்பதை வெளியே தகரக் கொட்டகையில் காத்திருக்கும் பெற்றோரே தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கொட்டகையில் ஒரே மின்விசிறி. அதன் கீழே ஒரே நாற்காலி. எவராலும் விஞ்ச முடியாத பெருமையைத் தம் பிள்ளைமேல் ஏற்றிச் சொல்பவருக்கே அது உரியது. அக்கினி நட்சத்திரம் தொடங்கியது முதல் அதில் வீற்றிருந்தவர் உரக்கடை ஆவுடையப்பன், ஏழு வயது மிருதுளாவின் தகப்பனார். பருத்த உடம்பு. அந்தக் காற்றைப் பறிகொடுப்பதைக் காட்டிலும் கடையைப் பறிகொடுக்கலாம் என்பது அவர் கட்சி.

"என்ன ஓய், நாலு நாளா நீரு மட்டும் வந்து உக்காந்திருக்கீரு, மக பயிற்சிக்கே வரலையே? பயந்துட்டாளோ?" என்று அன்று தொடங்கினார் மைதீன் பாய். அவர் கை அதற்குள் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது.

"பயமா? அவ பொறக்கும்போதே கரணம் போட்டுல்லா வந்தா பாய்! ரெண்டு காலையும் சேத்து நின்னு, கையத் தூக்கிக் காட்டுனா. நர்ஸம்மா பிள்ளையத் துடைக்க மறந்து மார்க்குப் போட்டுக்கிட்டு நின்னா."

"எத்தனை மார்க்கு அண்ணாச்சி?" என்றாள் பெஞ்சில் இருந்த ஜெபக்கனி டீச்சர்.

"அதைக் கேக்காதீங்க. கால் ஒரு நூல் நகந்துட்டுன்னு அரை மார்க்கக் குறைச்சிட்டா. அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே நாங்க இப்போ போறதில்ல. வீட்டுலயும் அவ நேரா நிக்கிறது அபூர்வம். கொடிக்கம்பியில தலைகீழாத் தொங்கும்போதுதான் சடை பின்னணும். தோசையும் அப்படியேதான்."

"தலைகீழாத் தொங்குனா சாம்பார் சிந்தாதா?"

"முதல்ல ரெண்டு நாள் சிந்துச்சு டீச்சர். பிறகு சாம்பாரும் பழகிட்டு."

"அதெல்லாம் இருக்கட்டும். நாலு நாளா ஏன் வரல?" பாய் விடுவதாக இல்லை.

மின்விசிறிக்குக் கீழேயே ஆவுடையப்பனுக்கு வியர்த்தது.

"சொல்லுதேன். போன சனிக்கிழமை ஸ்பிரிங் பலகையில ஒரு மிதி மிதிச்சா. போனா, போனா, போய்க்கிட்டே இருந்தா. நான் வீட்டுக்குப் போயி, சொதி சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு வாரேன், அப்பவும் சுத்திக்கிட்டு இருக்கா! 'அப்பா, தண்ணி'ன்னா. பாட்டில எறிஞ்சேன். குடிச்சிட்டு மூடியத் திருகித்தான் திருப்பிப் போட்டா, ஒழுக்கமான பிள்ளை. பொழுது சாய இறங்குனா, தலையெல்லாம் ஈரம். மேகத்துக்குள்ள போயிட்டு வந்திருக்கா. அந்தச் சளிதான் இன்னும் விடல."

(இந்தக் கதையைச் சொல்லும்போது சொதிக்குப் பதில் பிரியாணி என்று சொல்பவர்களும் உண்டு. ஆவுடையப்பன் சைவர், சொதியே சரியான பாடம்.)

"கதவு சாத்தியிருக்கும்போது நீரு எப்படிவே பாத்தீரு?"

"கூரைக்கு மேல போனவளப் பாக்கக் கதவு எதுக்கு?"

"அப்போ கூரை?"

"மழை பெஞ்சா உள்ள ஒழுகுதுன்னு கோச் புலம்புதாரே, அந்த ஓட்டை எப்படி வந்துச்சுன்னு நினைச்சீரு?"

கூரை ஒழுகுவது ஊரறிந்த உண்மை. பாய் நாற்காலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

பெஞ்சின் வெயில் ஓரத்தில், மடியில் டிபன் கேரியருடன் ஒரு பெண் இருந்தாள். செண்பகவல்லி என்று பெயர். கொஞ்ச காலமாக நாள் தவறாமல் வருகிறாள். அவளுடைய பிள்ளை எதுவென்று எவருக்கும் தெரியாது.

"அந்த ஓட்டை உங்க மக போட்டதில்ல அண்ணாச்சி," என்றாள் தணிந்த குரலில். "எம் மவன் போட்டது."

"உங்க மவனா? ஒரு நாளும் பாத்ததில்லையேம்மா!"

"எப்படிப் பாப்பீங்க? பங்குனி உத்திரத்தன்னைக்குக் குதிச்சான், இன்னும் இறங்கல. அதான் தினமும் சோத்தக் கட்டிக்கிட்டு வந்து உக்காந்திருக்கேன்." அவள் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "உங்க பிள்ளைக்குச் சளி பிடிச்சதுதான் எனக்குச் சங்கடமா இருக்கு. அது மேகமில்ல அண்ணாச்சி. சனிக்கிழமை அவன் எண்ணெய் தேச்சுக் குளிக்கிற நாள்."

ஆவுடையப்பன் எவரும் சொல்லாமலே எழுந்து, தோள் துண்டால் நாற்காலியைத் துடைத்துவிட்டு, வெயில் ஓரத்துக்குப் போனார்.

செண்பகவல்லி அமர்ந்தாள். கேரியரை மடியில் சரிசெய்துகொண்டு, அண்ணாந்து பார்த்தாள்.

"விசிறியக் கொஞ்சம் குறைச்சு வைங்க பாய்," என்றாள். "அவன் இறங்குற நேரம்."