பதினெட்டு கிலோமீட்டர்

“பேட்டரிதானுங்க சாமி. வேற ஒண்ணும் இல்லை.”

சொல்லி முடிச்சுட்டு தெய்வசிகாமணி தலைய ஒரு தரம் ஆட்டுனாரு. வண்டி ஏன் நின்னு போச்சுன்னு இருபத்தெட்டு வருசமா கேட்டவங்களுக்கெல்லாம் இதே பதில்தான். தலையாட்டலும் அந்தப் பதிலோட சேந்தே வரும்.

எதிர்ல மடத்துத் தலைவி சாமியம்மா உக்காந்திருந்தாங்க.

அந்தம்மாவுக்கு நாப்பத்தி நாலு வயசு. மடத்துக்கு வர்றதுக்கு முன்னால நூல் மில்லுல பதினாறு வருசம் வேலை. மெசின் சத்தத்துல வாயால பேசி பிரயோஜனமில்லைன்னு அங்க எல்லாரும் கையாலதான் பேசிக்குவாங்க. மருதமலைக்குப் பின்னால இருக்கற இந்த மடத்துல காக்கா கத்துனாத்தான் சத்தம். ஆனா பழக்கம் போகலை.

சிகாமணிக்கு அறுபத்தி ஏழு. அவரு இவங்களை சாமின்னாரு. இவங்க அவரை அண்ணான்னாங்க. ரெண்டு பேருக்கும் அதுல ஒரு சங்கடமும் இல்லை.

சாமியம்மா ஒரு விரலை மடக்கி, அடுத்த விரலைத் தொட்டுக் காட்டுனாங்க. அப்புறம்?

“அப்புறம் என்னங்க... சார்ஜ் போடலாம்னா கரண்ட்டு இருக்காது. மூணாவது மாடிக்காரன் வயரைத் தொங்க விட்டா ரெண்டாவது மாடிக்காரன் சண்டைக்கு வருவான். ரெண்டு வருசத்துக்கொருக்கா பேட்டரி மாத்தோணும். வெலையும் பெட்ரோல் காரை விட ஜாஸ்தி. ஆனா எங்க சுத்துனாலும் பேட்டரிகிட்டத்தானுங்க வந்து நிக்குது.”

“பேட்டரி யாரு செஞ்சதுங்ணா?”

“திருமூர்த்தி.”

அந்தப் பேருக்குத் தலையாட்டல் வரலை.

*

கணபதியில ஒரு தகரக் கொட்டாய். அதுல சிகாமணியும் திருமூர்த்தியும் சேந்து கரண்ட்டுல ஓடற கார் செஞ்சாங்க. ஊருல அப்போ அப்பிடி ஒண்ணை யாரும் பாத்ததில்லை. தும்பின்னு பேரு. மோட்டாரும் பாடியும் சிகாமணி பொறுப்பு. பேட்டரி திருமூர்த்தி பொறுப்பு.

நாப்பத்தி மூணு வண்டி செஞ்சாங்க. பதினேழு வித்துச்சு. பதினொண்ணு திரும்பி வந்துச்சு. மிச்ச ஆறு எங்கன்னு தெரியாது. ஒண்ணுல கோழி அடையுதுன்னு கேள்வி.

கொட்டாயைப் பூட்டுன அன்னிக்கு ஒரு பத்திரிகைக்காரன் வந்து காரணம் கேட்டான். சிகாமணி பேட்டரின்னாரு. மறுநாள் அது அச்சுல வந்துச்சு.

திருமூர்த்தி அதை மறுத்து ஒரு வார்த்தை பேசலை. அதுக்கப்புறம் சிகாமணிகிட்டயும் பேசலை.

போன வாரம் திருமூர்த்தி பொண்ணு பூங்கோதை வீடு தேடி வந்துச்சு.

“அப்பாவுக்கு நெஞ்சுல ஆபரேசன் மாமா. வர்ற வெள்ளிக்கிழமை. அதுக்கு முன்னால உங்களை ஒரு தடவ பாக்கோணுமாம்.”

“எதுக்குன்னு சொன்னானா?”

“கேட்டேன். அது எங்களுக்குள்ளன்னுட்டாரு.”

சிகாமணி காப்பி குடிக்கறயான்னு கேட்டாரு. அந்தப் பொண்ணு வேண்டாம்னுட்டுப் போயிருச்சு.

போகாம இருக்க முடியாது. போனா, ஏன்டா அப்பிடிச் சொன்னேன்னு அவன் கேப்பான். பதில் வேணும். அதுக்குத்தான் மடத்துக்கு வந்தாரு.

“வண்டி ஏன் சனத்துகிட்டப் போயிச் சேரலைங்க சாமி? அது தெரிஞ்சாத்தான் நான் அவன் மொகத்துல முழிக்க முடியும்.”

சாமியம்மா பாத்திரம் கழுவற தொட்டியைக் கை காட்டுனாங்க.

போயிக் கழுவுனாரு.

*

ரெண்டாம் நாளும் கழுவுனாரு. அன்னிக்குச் சாயங்காலம் மறுபடி ஆரம்பிச்சாரு.

“என் கணக்குல தப்பு இல்லீங்க. பீளமேடு, ஆரெஸ்புரம், சிங்காநல்லூர்னு நானூறு வீடு ஏறி எறங்கிக் கேட்டேன். ஒரு குடும்பத்துக் காரு ஒரு நாளைக்கு ஓடறது பதினெட்டு கிலோமீட்டர். தும்பி ஒரு சார்ஜுக்கு அறுபது போகும். மூணு மடங்குக்கு மேலங்க!”

“நல்ல கணக்கு.”

“அப்பிடித்தானுங்களே?”

“நல்ல கணக்குன்னுதான் சொன்னேன்.”

அதுக்கு மேல கேட்டா மறுபடி தொட்டியைக் காட்டுவாங்கன்னு சிகாமணி எந்திரிச்சுட்டாரு.

*

மடத்துல மத்தியானம் பதினோரு பேரு சாப்பிடுவாங்க. ஆனா பன்னண்டு எலை போடுவாங்க. பன்னண்டாவது எலை வராத ஆளுக்கு. அந்த எலைக்கும் சோறு வடிப்பாங்க. யாரும் வரலைன்னா சாயங்காலம் அது மாட்டுக்குப் போகும்.

சமையக்காரர் ராக்கியப்பன்கிட்ட சிகாமணி கேட்டாரு. “இந்த மூணு மாசத்துல எத்தன தடவைங்க ஆள் வந்துச்சு?”

ராக்கியப்பன் கரண்டிய வச்சுட்டு யோசிச்சாரு. “நாலு. அதுல ஒருத்தன் வழி கேக்க வந்தவன். நான்தான் புடிச்சு உக்கார வச்சேன்.”

சிகாமணி நேரா சாமியம்மாகிட்டப் போனாரு.

“தொண்ணூறு நாள்ல நாலு நாளுங்க சாமி. மிச்ச எம்பத்தாறு நாளும் மாடு தின்னுட்டு இருக்குது. பதினோரு பேருக்கு அளந்து வடிச்சாப் போதும். கூட ரெண்டு கை வேணும்னா போட்டுக்கலாம்.”

சாமியம்மா, உங்க இஷ்டம்னு கைய விரிச்சாங்க.

மறுநாள்ல இருந்து பதினோரு எலை. அரிசிய சிகாமணியே அளந்து குடுத்தாரு. புதுசா யாரும் வரலை. எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டாங்க. ரெண்டு கை மிச்சம்.

சிகாமணிக்கு அன்னிக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு.

அடுத்த நாள், மணி அடிக்கறதுக்கு முன்னாலயே நாலு பேரு வந்து உக்காந்திருந்தாங்க.

அதுக்கடுத்த நாள் பதினோரு பேரும். இருபது வருசமா எல்லாரையும் சாப்பிடச் சொல்லிட்டு கடைசியா உக்கார்ற ஒரு பெரியம்மா, அன்னிக்கு மொதல் எலையைப் புடிச்சுருச்சு. போதும்ங்கற வார்த்தையவே யாரும் சொல்லலை. மோரு வர்ற வரைக்கும் எல்லாரும் ஒரு கைய எலை மேலயே காவல் வச்சிருந்தாங்க. ராக்கியப்பன் ஒரு கிண்ணம் சோத்தை மொளகாய்ச் சாக்குக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தாரு.

“ஏனுங்க, இது என்னங்க?”

“எனக்குத்தான். பரிமாறிட்டுக் கடைசியா உக்கார்றவன் நான்தானுங்களே.”

“சோறு மிச்சமாகுதே!”

“ஆகுதுதான்.” கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுனாரு.

சிகாமணி பந்திக்கு நடுவுல வந்து நின்னாரு. “யாரும் பயப்படாதீங்க. எல்லாத்துக்கும் சோறு இருக்குது. நானே அளந்துதான் போட்டிருக்கறேன்.”

அளந்துதான்னு கேட்டதும் எல்லாரும் இன்னும் வேகமாத் தின்னாங்க.

*

அன்னிக்கு வியாழக்கிழமை. சாப்பாடு முடிஞ்சு, சிகாமணி கெணத்து மோட்டார் ரூம் படியில வந்து உக்காந்தாரு. சாமியம்மா பக்கத்துப் படியில உக்காந்தாங்க.

“சோறு பத்தலையாங்ணா?”

“பத்துதுங்க. மிச்சமே ஆகுது.”

“அப்புறம் எதுக்கு ஓடறாங்க?”

சிகாமணி வேற ஒண்ணு சொன்னாரு.

“மொதல்ல திரும்பி வந்த வண்டி ஒரு டாக்டர் வீட்டம்மாவோடதுங்க. சார்ஜ் எவ்வளவு மிச்சம்னு காட்ட, தட்டு மாதிரி பெரிய மீட்டரா வச்சிருந்தேன். அந்தம்மா வந்து, ‘ரோட்டைப் பாக்காம இதையேதான் பாத்துட்டுப் போறேன், நடுவழில நின்னுருமோன்னு இருக்குது, நீங்களே வச்சுக்கங்க’ன்னாங்க. எட்டு மாசம் ஓட்டுனவங்க. முள்ளு ஒரு நாளும் பாதிக்குக் கீழ எறங்குனதில்லை.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மீட்டர் கரெக்ட்டாத்தான் காட்டுதுன்னு சொன்னேன்.”

சாமியம்மா சிரிச்சுட்டாங்க. சிகாமணியும் சிரிச்சாரு. ஆனா அவரு சீக்கிரம் நிறுத்திட்டாரு.

“நீங்க அந்த வண்டில எங்கெங்க போனீங்கண்ணா?”

“வீட்ல இருந்து கொட்டாய்க்கு. கொட்டாய்ல இருந்து வீட்டுக்கு.”

“எத்தன கிலோமீட்டரு?”

சிகாமணி கீழ பாத்தாரு. “பதினெட்டு.”

“அதைத் தாண்டி?”

மலைப் பக்கமிருந்து காத்து வந்துச்சு. அவரு துண்டைத் தோள்ல இழுத்துப் போட்டுக்கிட்டாரு.

“தாராபுரத்துல எங்கக்கா செத்துப்போச்சுங்க. அம்மா இல்லாத என்னை வளத்ததே அதுதான். காலைல ஏழு மணிக்குப் போன் வந்துச்சு. நாலு மணிக்கு எடுக்கறாங்கன்னாங்க.”

“தாராபுரம் எவ்வளவு தூரம்?”

“எம்பது. திருமூர்த்தி ஏழரைக்கெல்லாம் தும்பியக் கொண்டாந்து வீட்டு வாசல்ல நிறுத்திட்டான். ‘பல்லடத்துல என் மச்சான் தறிக்கொட்டாய் இருக்குது. சொல்லிட்டேன். மூணு மணி நேரம் சார்ஜ் போட்டம்னா ஒரு மணிக்குத் தாராபுரம். ஊரே பாக்கட்டும்டா’ன்னான்.”

“போயிருக்குமா?”

“போயிருக்குமுங்க. அவன் அந்த ரோட்டுல ரெண்டு தடவ ஓட்டிப் பாத்து வச்சிருந்தான்.”

“நீங்க?”

“ஸ்டேண்டுல போயி ஒரு டீசல் அம்பாசிடரைக் கூட்டியாந்தேன்.”

“பேட்டரி மேல சந்தேகமா?”

“துளி கூட இல்லீங்க.”

“அப்புறம்?”

“அக்கா மொகமுங்க. கடைசியா ஒரு தரம் பாக்கோணுமே.”

சாமியம்மா, மேல சொல்லுங்கன்னு கை காட்டுனாங்க.

“எழவு வீட்டுக்கு ஒரு பர்லாங் முன்னாலயே, காரை யாரும் பாக்கக் கூடாதுன்னு எறங்கி நடந்து போனேன். நடந்து வந்தவன் வேட்டில டீசல் வாசம் அடிச்சுது போல. பதினாறாம் நாளைக்குள்ள தாராபுரத்துல தும்பிக்குச் சொல்லி வச்சிருந்த அஞ்சு பேரும் வேண்டாம்னுட்டாங்க. அடுத்து உடுமலைக்காரங்க. பேச்சுதானுங்களே, அதுக்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை.”

“பத்திரிகைக்காரன் வந்தப்போ இதைச் சொல்லலை.”

“சொல்லலை.”

“அம்பாசிடர்ல போனது திருமூர்த்திக்குத் தெரியுமாங்ணா?”

சிகாமணி துண்டால வாயைத் தொடச்சாரு. தொடைக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்லை.

“எம் பக்கத்துல உக்காந்து வந்ததே அவன்தானுங்க. எம்பது கிலோமீட்டரும் என் கையப் புடிச்சுட்டே வந்தான்.”

“அவரு இதை யாருகிட்டயாவது...”

“மாமா!”

கேட்டுக்கு வெளிய, அவரு வீட்ல விசாரிச்சுட்டு வந்த பூங்கோதை நின்னுட்டு இருந்துச்சு. செருப்பைக் கூடக் கழட்டலை.

“விடிஞ்சா ஆபரேசன். அப்பா வாசலையே பாத்துட்டு இருக்கறாரு. வர்றீங்களா, இல்லைன்னு போயிச் சொல்லட்டுமா?”

சிகாமணி எந்திரிச்சாரு.

“வந்துட்டேன் கண்ணு”ன்னுட்டுப் படியெறங்கிப் போனாரு.