எதிரில் நின்ற வேன் டிரைவர்

வட சென்னையில் ஒரு ஜோடி சிவப்பு பூட்ஸ் இருந்தது. எட்வின் என்ற பையனின் காலில் ஏறி நாலாம் டிவிஷன் ஃபுட்பால் ஆடியது. ஜோடி என்று பேர்தான். பந்தை உதைப்பதெல்லாம் வலது. இடது வெறுமனே தரையில் ஊன்றி நிற்கும்.

அந்த வருஷம் வலது பூட்ஸ் இருபத்திரண்டு கோல் போட்டது. அப்புறம் அதைக் கையில் பிடிக்க முடியுமா? லேஸை அவிழ்த்து விட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தது.

ஒரு பெரிய கல்லூரி டீமுக்கு ஆள் எடுத்தார்கள். இருந்தது ஒரே இடம். கிடைத்தால் எட்வினுக்கு காலேஜ் சீட். இல்லாவிட்டால் மாமாவோடு மூணு சக்கர மீன்பாடி வண்டி மிதித்துச் சரக்கு ஏற்ற வேண்டியதுதான். ஆள் எடுப்பது கோச் அல்ல, அவர் கழுத்தில் தொங்கிய விசில். கோச் தலையாட்டுவதோடு சரி.

"இருபத்திரண்டு கோலுண்ணே!" என்றது வலது பூட்ஸ் விசிலிடம், ஒரு வணக்கம்கூட வைக்காமல்.

விசில் வாய் திறக்குமுன் கீழே கிடந்த பந்து கேட்டது: "எதிர்ல யாருபா?"

"எதிர்ல... டீம்தான். பதினோரு பேரு."

"உதார் வுடாத," என்றது இடது பூட்ஸ். "பதினோரு பேரு என்னிக்குடா முழுசா வந்தாங்க? பாதிப் பேரு நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு கண்ணைக் கசக்கிகினு நின்னாங்க. ஒரு மேட்ச்ல கோல்கீப்பர் வரலன்னு அவங்க வேன் டிரைவரே நின்னாரு, ரப்பர் செருப்போட. அவர் ஒருத்தருக்கே ஏழு கோல் போட்ட."

"டேய், நீ யாரு பக்கம்டா?"

"உன் பக்கந்தான். ஏழுக்கும் ஊனிகினு நின்னவன் நான். மானம் போவுதே, அதான் சொல்றேன்."

விசில் சிரிக்கவில்லை. "ஆடிக் காட்டுங்க," என்று ஊதியது.

எதிரில் வந்தது காலேஜ் டீமின் கறுப்பு பூட்ஸ். வலது எந்தப் பக்கம் திரும்பினாலும் அது முன்னால் நின்றது. வேன் டிரைவர் மாதிரி ஒதுங்கி வழிவிடவில்லை. பந்து வந்த வேகத்தில் பறிபோனது. இடைவேளைக்குள் வலது பூட்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் ஒண்ணும் பெரிய ஆளு இல்லடா. சும்மா சீன் போட்டுகினு இருந்திருக்கேன். நீ அடிடா."

"நானா? ஊனறத தவிர எனக்கு இன்னாடா தெரியும்?"

"மீன்பாடி வண்டிய நெனச்சுக்கோ. அடி!"

இடது அடித்தது. காற்றைத்தான் அடித்தது; எட்வின் மல்லாக்க விழுந்தான். எல்லாரும் சிரித்தார்கள். மறுபடி அடித்தது. பந்து கேன்டீனுக்குள் போய் ஒரு டீ கிளாஸை உடைத்தது. கடைசியாக ஒரு அடி. கோல்கீப்பர் பாய்ந்தும் எட்டவில்லை. பந்து கம்பத்தில் 'ணங்'கென்று மோதித் திரும்பி வந்தது. ஆட்டம் முடிந்தது.

"பொட்டியக் கட்டுடா," என்றது வலது.

"இவன்தான்," என்றது விசில். கோச் தலையாட்டினார்.

வலது பூட்ஸால் நம்பவே முடியவில்லை. "அண்ணே, ஒரு கோல்கூட வுழலியே!"

"அந்த இருபத்திரண்டு கோலும் எதிர்ல நின்னவங்களப் பத்தித்தான் சொல்லுது. உங்களப் பத்தி அதுல ஒண்ணுமே இல்ல. வழிய அடைச்சா இன்னா பண்ணுவீங்கன்னு இன்னிக்குத்தான் பாத்தேன். காத்துல அடிச்ச காலு, ஆட்டம் முடியறதுக்குள்ள கம்பம் வரைக்கும் வந்துடுச்சு. மீதிய நாங்க சொல்லித் தர்றோம்."

பஸ்ஸில் திரும்பும்போது இடது பூட்ஸ் மெல்ல லேஸை அவிழ்த்து விட்டுக்கொண்டது. "ஒழுங்கா கட்டு," என்றது வலது.

காலேஜ் டீமில் சேர்ந்த முதல் நாள், புது பூட்ஸ் ஒன்று கேட்டது: "நாலாம் டிவிஷன்ல நீ எத்தினி கோல் போட்ட?"

"பதினஞ்சு," என்றது வலது பூட்ஸ். "மீதி ஏழு, ஒரு வேன் டிரைவர் போட்டது."