லேகிய ஜாடியும் பன்னிரண்டு கரண்டிகளும்

இந்தக் கதையை நான் நேராகக் கேட்கவில்லை. விடுதித் தோழி பரிமளா சொன்னாள். அவளுக்கு, நாட்டு மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவள் மாமா சொன்னாராம். ராஜாவின் பெயரை அவளே இரண்டு முறை மாற்றிச் சொன்னாள். அதனால் பெயர்களுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. நடந்ததை மட்டும் கேட்டபடி சொல்கிறேன்.

மருதங்கோட்டை என்று ஒரு சின்ன ராஜ்யம். அங்கே அரசாங்க வைத்தியசாலை ஒன்று இருந்தது. ஒரு வருஷம் எவனோ ஒரு வியாபாரி சுக்குப் பொடியில் மரத்தூளைக் கலந்து விற்றுவிட்டான். நோயாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். ராஜா கோப்பெருமாளுக்கு வந்ததே கோபம்! அன்றே சட்டம் போட்டார்.

"வைத்தியசாலை அலமாரியில் உள்ள எல்லா மருந்தையும், வைத்திருக்கும் வரிசைப்படி, ஒன்று விடாமல், சோதனை அதிகாரிகள் தினமும் ஒரு கரண்டி சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதன் பிறகே நோயாளிக்கு."

நல்ல சட்டம்தான். பன்னிரண்டு அதிகாரிகள் நியமனம் ஆனார்கள். தலைவர் சூரப்பர், ராணியின் தம்பி.

ஆறு மாதத்தில் பொக்கிஷதாரர் சபையில் எழுந்து நின்றார். "மகாராஜா, வைத்தியசாலைக்குப் போகும் தேனும் நெய்யும் மூன்று மடங்காகிவிட்டன. நோயாளிகள் எண்ணிக்கை ஏறவில்லை. இப்படியே போனால் அமாவாசைக்குள் காய்ச்சல் கூடத்தை மூட வேண்டியதுதான்."

தலைமை வைத்தியர் ஆவுடையாள் பதறிப்போனாள். "நாற்பது பேர் படுத்திருக்கிறார்கள் மகாராஜா! அவர்களை எந்தத் தெருவில் கொண்டுபோய்ப் போடுவேன்?"

ராஜா தாடியைத் தடவினார். பிறகு அரசவை விகடர் அம்பலக்கூத்தரைப் பார்த்தார்.

"கூத்தரே, செலவு பாதிக்கு மேல் குறைய வேண்டும். ஆனால் சட்டத்தை எடுக்க மாட்டேன். நோயாளிக்கு ஒரு துளி மருந்து குறையக்கூடாது. அதிகாரி ஒருவரைக்கூட வேலையை விட்டு நீக்கக்கூடாது. நீக்கினால் இன்று இரவு ராணிக்கு யார் பதில் சொல்வது, நீரா?"

"நான் கல்யாணமே வேண்டாமென்று இருப்பவன் அரசே, எனக்கு அந்த அனுபவம் போதாது. ஐந்து நாள் கொடுங்கள். உங்கள் சட்டத்தை நடத்த எனக்கு அதிகாரமும் கொடுங்கள்."

"அதுதான் நடந்துகொண்டிருக்கிறதே?"

"போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

கூத்தர் வைத்தியசாலைக்குப் போனார். அங்கே நீளமான அலமாரி. இடது ஓரத்தில் நிலவேம்புக் கஷாயம். அடுத்து வேப்பெண்ணெய், பேதிக்கு விளக்கெண்ணெய். இப்படியே போய், வலது ஓரத்தில் தேனும் நெய்யும் மிதக்கும் லேகிய ஜாடி. பன்னிரண்டு பேரும் வலது ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை மருந்துக் கரண்டிகள் அல்ல. சாம்பார் கரண்டிகள்.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டார் கூத்தர்.

"இன்னும் முடிவுக்கு வரவில்லை" என்றார் சூரப்பர், வாய் நிறைய. "இன்னொரு கரண்டி பார்த்தால்தான் தெரியும்."

கூத்தர் ஆவுடையாளை ஓரமாக அழைத்தார். "அந்தப் பக்கத்து ஜாடிகளை எப்போது சோதிப்பார்கள்?"

"அங்கே போவதற்குள் வயிறு நிறைந்துவிடுகிறதாம் ஐயா. தூரத்திலிருந்து பார்த்தாலே நல்ல மருந்து என்று தெரிகிறதாம்."

மறுநாள் காலையில் கூத்தர் ராஜாவின் ஓலையைச் சத்தமாகப் படித்தார். "வரிசைப்படி, ஒன்று விடாமல். சூரப்பரே, இடது ஓரத்துக்கு வாருங்கள். மருந்துக் கரண்டி போதும்."

நிலவேம்பு உள்ளே போனதும் சூரப்பரின் முகம் காய்ந்த நெல்லிக்காய் மாதிரி சுருங்கியது.

"ஐயோ! எனக்குக் காய்ச்சலே இல்லையே!"

"காய்ச்சல் இருந்தால்தான் குடிக்க வேண்டும் என்று ஓலையில் இல்லையே."

"சரி, லேகியம் எங்கே?"

"வரும், வரும். நடுவில் பதினேழு ஜாடி இருக்கிறது. வேப்பெண்ணெயை விழுங்கியாயிற்றா? இதோ விளக்கெண்ணெய்."

"கூத்தரே, இது பேதி மருந்தய்யா!"

"அது வேலை செய்கிறதா என்று ராஜாவுக்குத் தெரிய வேண்டாமா?"

வேலை செய்தது. அன்று லேகிய ஜாடி வரைக்கும் நின்றவன் ஒரே ஒருவன்தான். இரண்டாம் நாள் ஏழு பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் மூன்று பேர். ஒருவருக்கு மாமியார் கீழே விழுந்துவிட்டாராம். ஒருவருக்கு யானைக்கொட்டடி வேலையில் சின்ன வயதிலிருந்தே ஆசையாம். சூரப்பர் தன்னைக் கோயில் மடைப்பள்ளிக்கு மாற்றச் சொல்லி அக்காவிடமே போய் அழுதார். ராணி அன்றே மாற்றிக் கொடுத்தாள்.

நான்காம் நாள் மிஞ்சியவன் சடையன் மட்டும்தான். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டான். முதல் நாள் நின்றவனும் அவன்தான். விளக்கெண்ணெயை நாக்கில் வைத்தவன் அப்படியே துப்பிவிட்டு ஆவுடையாளைக் கூப்பிட்டான்.

"அம்மா, நேற்றுக் குடித்த எண்ணெய் இல்லை இது. இலுப்பெண்ணெய் கலந்திருக்கிறது."

விசாரித்தார்கள். கலந்துதான் இருந்தது. விற்ற வியாபாரி பிடிபட்டான்.

ஐந்தாம் நாள் சபை கூடியது. தேனும் நெய்யும் பழைய அளவுக்கு வந்துவிட்டதாகப் பொக்கிஷதாரர் சொன்னார். காய்ச்சல் கூடம் தப்பியது. ஆவுடையாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரையும் நீக்கவில்லையே?" என்று ராஜா கேட்டார்.

"ஒருவரையும் இல்லை அரசே. சட்டத்திலும் ஓர் எழுத்தை மாற்றவில்லை. முதல் தடவையாக அதை நடத்தினேன், அவ்வளவுதான்."

சடையனுக்குச் சம்பளம் இரட்டிப்பானது. கூத்தருக்கு ராஜா தன் மோதிரத்தையே கழற்றிக் கொடுத்தார். பிறகு மெல்லக் குனிந்து கேட்டார்:

"அப்படி என்னதான் ஐயா இருக்கிறது அந்த லேகியத்தில்? ஒரு கரண்டி கொண்டுவரச் சொல்லும். நானும் சோதித்துப் பார்க்கிறேன்."

"தாராளமாக, அரசே. யாரங்கே, இடது ஓரத்திலிருந்து எடுத்து வாருங்கள்!"

ராஜா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்க வெகுநேரமானது.

இதில் ஒன்றை மட்டும் என்னால் சரிபார்க்க முடிந்தது. இன்று கிடைக்கும் நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது மருந்துச் சரக்குகள் சேர்கின்றன. தேன் அதில் இல்லை, வெல்லமும் இல்லை. ஒரு கரண்டி குடித்தும் பார்த்தேன். சூரப்பர் மேல் இருந்த கோபம் பாதி குறைந்துவிட்டது.